கொட்டகை இல்லாத படமாளிகை

நல்ல படம் கிராமத்தவனுக்கு விளங்காது என்பார் பலர். நேயர்களே, அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது கேரளத்து 'ஒடேஸா' இயக்கம். 1984இல் இயக்குநர் ஜோன் ஏபிரகாமும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது அது. ஜோன் எமக்கு அந்நியரல்லர். 1977இல் 'அக்கிரகாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படத்தைத் தந்தவர்.

முதலாளியின் பணம் வந்தால் அவரது கட்டளையும் கூடவே வரும். ஆகவே பார்வையாளரிடமே கையேந்தத் துணிந்தார்கள். தொண்டர்கள் படக்கருவியோடு ஊரூராகச் சென்று சப்ளினின் 'த கிட்' படத்தைக் காட்டினர். 1921இல் வந்த ஊமைப்படம். அநாதைக் குழந்தையை வளர்க்கும் ஏழையின் கதைக்கு எந்த ஊரில்தான் விளக்கவுரை வேண்டும்? சனங்கள் கொடுத்த சில்லறையைச் சேர்த்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தனர்.

அந்தக் காசில் பிறந்தது 'அம்ம அறியான்' (1986). தாய்க்கு எழுதும் கடிதம்போல் அமைந்த படம். மகன் இறந்த செய்தியை ஒரு தாயிடம் சொல்ல இளைஞனொருவன் கொச்சிக்குப் புறப்படுகிறான். வழியில் ஒவ்வொருவராகச் சேரக் கூட்டம் பெருகுகிறது. படத்துக்குப் பணம் சேர்ந்த விதமும் இதுதானே! எளிதான படமென்று சொல்லமாட்டேன். சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதுவும் கட்டணமின்றி ஊர்களுக்கே சென்றது. டிக்கட் வாங்கியவன் பிடிக்காவிட்டால் எழுந்து போவான். தயாரிப்பாளன் போவானா?

1987 மே 31இல், 49ஆவது வயதில், ஜோன் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து மறைந்தார். இம்முறையில் அவர் எடுத்து முடித்த கதைப்படம் அந்த ஒன்றுதான்.