கொலைப்பழி சுமந்த ஆட்டோஃபேஜி

போன வாரம் வகுப்பு செமினாரில் "ஆட்டோஃபேஜி என்றால் செல்லின் தற்கொலை" என்று ஸ்லைடு போட்டுப் பேசினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் லோக்கலுக்குக் காத்திருந்தபோது மறுபடி படித்துப் பார்த்தால், நான் சொன்னது தப்பு! ஆனால் பெரிய பெரிய ஆட்களும் ரொம்ப நாள் நம்பிய தப்பு. அந்தக் கதைதான் இது.

1955-ல் பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டுவே லைசோசோமைக் கண்டுபிடித்தார். செல்லுக்குள் இருக்கும் ஜீரணப் பை. அதற்கு அவரே வைத்த பட்டப்பெயர் 'தற்கொலைப் பை'. செல் தன் பாகங்களைத் தானே விழுங்கி அந்தப் பையில் செரிப்பதற்கு 1963-ல் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அடுத்த வருடம் ஹார்வர்டில் லாக்ஷினும் வில்லியம்ஸும் காட்டுப் பட்டுப்பூச்சிகளை ஆராய்ந்தார்கள். கூட்டை விட்டு வெளியே வந்ததும் பூச்சியின் வயிற்றுத் தசைகள் சில, வேலை முடிந்ததென்று தாமாகவே அழிகின்றன. இதைத் 'திட்டமிட்ட செல் மரணம்' என்றார்கள். (காஞ்சிபுரம் பட்டுக்கு நாம் பூச்சி வெளியே வரும் முன்பே கூட்டை அவித்துவிடுகிறோம். பார்க்க வாய்ப்பே இல்லை!)

1972-ல் கெர், வில்லி, கர்ரி மூவரும் செல் சுருங்கித் துண்டு துண்டாகும் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். மறுவருடம் ஷ்வைக்கெல், மெர்க்கர் இருவரும் சாகும் செல்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். இரண்டாவது வகை முழுக்க ஆட்டோஃபேஜிப் பைகள். அப்புறமென்ன, 'ஆட்டோஃபேஜி சாவு' பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. தீப்பிடித்த வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி நின்றால், கொளுத்தியதே அந்த வண்டிதான் என்பது போல.

உண்மை வெளிவர, ஜப்பானின் ஓசுமி ஈஸ்டில் இதற்கான ஜீன்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1993-ல் அது வந்தது (2016-ல் நோபல்). ஜீன் தெரிந்தால் அதை நிறுத்திப் பார்க்கலாம் அல்லவா? நிறுத்தினால், பட்டினி கிடந்த செல்கள் பெரும்பாலும் இன்னும் சீக்கிரம் செத்தன! 2008-ல் க்ரோமரும் லெவினும் 'ஆட்டோஃபேஜி சாவு' என்பதே தவறான பெயர் என்று எழுதினார்கள்.

முழு விடுதலை என்றும் சொல்ல முடியாது. பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி முழுசாக அழிய ஆட்டோஃபேஜி வேண்டும் என்று 2007-ல் தெரிந்தது.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சிதயா குழு, ஆட்டோஃபேஜியைக் கூட்டும் ஒரு மருந்துப்பொருளை 2017-ல் பார்க்கின்சன் மாதிரி எலிகளில் சோதித்தது. நரம்பு செல்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. கொலைகாரன் என்றே நம்பியிருந்தால் யார் அதைக் கூட்டிப் பார்ப்பார்கள்? புற்றுநோயில் நேர் எதிர். கட்டி செல்களும் இதை வைத்தே பிழைப்பதால், அதைத் தடுக்க ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைச் சோதித்திருக்கிறார்கள்.

மக்களே, என் ஸ்லைடு வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது. மூன்றாவது பக்கத்தை அடித்துவிடுங்கள். இன்டர்னலில் அப்படியே எழுதிவிடாதீர்கள் :-)