ஜி-குவாட்ரப்ளெக்ஸ்: நான்கடுக்காய் மடியும் ஆர்.என்.ஏ.வின் வரலாறு

ஜி-குவாட்ரப்ளெக்ஸ் என்பது குவானின் மிகுந்த டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. பகுதிகள் மடிவதால் தோன்றும் நான்கு இழை அமைப்பு. மனித மரபணுக்கள் சிலவற்றிலிருந்து எவ்வளவு புரதம் உருவாகும் என்பதை இது கட்டுப்படுத்தக்கூடும். இதன் வரலாற்றில் தமிழ்நாட்டில் பிறந்த இரு அறிவியலாளர்களின் ஆய்வுகள் ஒன்றையொன்று தொடுகின்றன.

தொடக்கம்

1910இல் ஐவர் பாங், குவானிலிக் அமிலத்தின் அடர்கரைசல் கூழாக உறைவதைக் கண்டார். காரணம் அரை நூற்றாண்டுக்குப் பின்னரே புலப்பட்டது. 1962இல் அமெரிக்காவில் மார்ட்டின் கெல்லர்ட், மேரி லிப்செட், டேவிட் டேவிஸ் ஆகியோர் எக்ஸ் கதிர் ஆய்வால் அதன் கட்டமைப்பை விளக்கினர். நான்கு குவானின்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒரு சதுரமாகின்றன. அச்சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. செல்லில் ஏராளமாக உள்ள பொட்டாசியம் அயனிகள் இந்த அடுக்கை உறுதியாக்குகின்றன.

ரைபோசோமுக்குத் தடை

மயிலாடுதுறைக்கு வடக்கே, கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் ஊர் சிதம்பரம். அங்கு 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் கட்டமைப்பை ஆராய்ந்ததற்காக 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார். மனித செல்களில் ரைபோசோமின் சிறிய துணையலகு, பெரும்பாலும் தூதுவ ஆர்.என்.ஏ.வின் தொடக்க முனையில் ஏறி, புரதக் குறியீடு தொடங்கும் இடம்வரை நகர்ந்து செல்கிறது.

அந்த வழியில் ஒரு தடை இருப்பதைக் காட்டியது, சென்னையில் 1966இல் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனின் கேம்பிரிட்ஜ் குழு. புற்றுநோயுடன் தொடர்புடைய என்ராஸ் மரபணுவின் தூதுவ ஆர்.என்.ஏ.வில், குறியீட்டுப் பகுதிக்கு முன்னால் ஒரு ஜி-குவாட்ரப்ளெக்ஸ் உருவாவதை அவர்கள் 2007இல் வெளியிட்டனர். சோதனைக் குழாயில் அது புரத உற்பத்தியைக் குறைத்தது. வாய்க்கால் மதகை இறக்கினால் வயலுக்குப் பாயும் நீர் குறைவதைப் போல. மனித மரபணுத் தொகுதியில் இத்தகைய அமைப்பை உருவாக்கக்கூடிய மேலும் 2,922 இடங்களையும் அவர்கள் கணினி ஆய்வால் கண்டறிந்தனர்.

செல்லுக்குள் உண்டா?

சோதனைக் குழாயில் மடிவது செல்லுக்குள்ளும் மடியுமா என்ற கேள்வி எழுந்தது. 2014இல் அதே குழு, ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு மனித செல்களின் சைட்டோபிளாசத்தில் இவற்றைக் காட்டியது. ஆனால் அவை பதப்படுத்தப்பட்ட செல்கள். 2016இல் அமெரிக்காவின் ஜுன்ஜி குவோவும் டேவிட் பார்ட்டெலும், உயிருள்ள செல்களில் இப்பகுதிகள் பெரும்பாலும் மடியாமலே இருப்பதாக அறிவித்தனர். 2023இல் வெளியான ஆய்வு இரண்டுக்கும் இடமளித்தது: மனித செல்கள் நெருக்கடிக்குள்ளாகும்போது நூற்றுக்கணக்கான இடங்கள் மடிகின்றன, நெருக்கடி நீங்கியதும் அவிழ்கின்றன.

மருத்துவத்திற்கு இது முக்கியமானது. இவ்வமைப்பைப் பற்றிக்கொள்ளும் மருந்தால் புற்றுநோய்ப் புரதத்தைக் குறைக்க வேண்டுமானால், நோயாளியின் செல்லில் அது எப்போது மடிகிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.