திருச்சி-சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம்? டிக்கெட் நேரத்தை பார்த்து ஏமாறாதீங்க!

திருச்சி:

டெல்டா மாவட்டங்களில் இருந்தும், புதுக்கோட்டை, சிவகங்கை பகுதியில் இருந்தும் சிங்கப்பூருக்கு வேலைக்கு போகிறவர்கள் பலர் திருச்சியில்தான் விமானம் ஏறுகிறார்கள். திருச்சியில் இருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் வான்வழியில் சுமார் 2,980 கி.மீ. தூரம். நேரடி விமானத்தில் போனால் ஏறத்தாழ 4 மணி நேரம். கால் மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம்.

கப்பல் காலம்

முன்பெல்லாம் இதே பயணத்துக்கு நாள் கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். ரஜூலா, எம்.வி.சிதம்பரம் கப்பல்களில் போய் வந்ததை ஊர் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1985-ம் ஆண்டு சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அதன் பயணிகள் போக்குவரத்து முடிந்து போனது.

இரண்டரை மணி நேர குழப்பம்

சிங்கப்பூர் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர் கணக்கு. இறங்கும் நேரம் இறங்குகிற ஊர் கணக்கு.

உதாரணமாக திருச்சியில் காலை 10 மணிக்கு ஏறினால், நம்ம நேரம் மதியம் 2 மணிக்கு இறங்கிவிடலாம். ஆனால் அங்கே அப்போது மாலை 4.30. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் ஆறரை மணி நேர பயணம் மாதிரி தெரியும். திரும்பி வரும்போது தலைகீழ். அங்கே மாலை 6.30-க்கு கிளம்பினால் இங்கே இரவு 8 மணிக்கே வந்து சேரலாம்.

தேதியில் உஷார்

நள்ளிரவு விமானத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிக்கெட்டில் 15-ந்தேதி 00.40 என்று இருந்தால், 14-ந்தேதி இரவு 9.40-க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பொதுவாக 1 மணி நேரத்துக்கு முன்பே கவுண்ட்டரை மூடி விடுவார்கள். 15-ந்தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். கடன் வாங்கி எடுத்த டிக்கெட் பணமும் போச்சு, வேலையில் சேரும் தேதியும் தள்ளிப்போகும்.

அழைத்து வர போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். சிங்கப்பூரில் 20-ந்தேதி இரவு 11.30-க்கு ஏறுகிறவர், திருச்சியில் 21-ந்தேதி அதிகாலை 1 மணிக்கு இறங்குவார். வீட்டில் இருந்து 20-ந்தேதி இரவே வண்டி எடுக்க வேண்டும்.

காற்றும் ஒரு காரணம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, உயரத்தில் கிழக்கில் இருந்து பலமான காற்று வீசும். அந்த மாதங்களில் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. அதனால் சில நிமிடங்கள் கூடும், குறையும்.

கொழும்பு, கோலாலம்பூரில் இறங்கி விமானம் மாறுகிற டிக்கெட் சில நேரம் மலிவாக கிடைக்கும். ஆனால் காத்திருப்பையும் சேர்த்தால் பல மணி நேரம் கூடிவிடும். பணம் கட்டும் முன்பு நேரடி விமானமா, எந்த தேதி, எந்த ஊர் நேரம் என்று மூன்றையும் கேட்டுவிடுவது நல்லது.