தென்சென்னை மக்களவைத் தொகுதி: காங்கிரசு வெற்றிகளும் கூட்டணியும் (1977–1989)

தென்சென்னை மக்களவைத் தொகுதியில் 1957இல் காங்கிரசின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி வென்றார். 1962இல் நாஞ்சில் கி. மனோகரன், 1967இல் சி.என். அண்ணாதுரை, பின்னர் முரசொலி மாறன் எனத் தி.மு.க.வினர் தொடர்ந்து வென்றனர். 1977 முதல் 1989 வரை நடைபெற்ற நான்கு பொதுத்தேர்தல்களிலும் காங்கிரசு வெற்றி பெற்றது. நகர்ப்புற வாக்காளர் தேசியக் கட்சியை நாடியதே இதற்குக் காரணம் எனக் கொள்வது பொருந்தாது. ஆர். வெங்கட்ராமன் 1977இல் அ.இ.அ.தி.மு.க. கூட்டணியிலும் 1980இல் தி.மு.க. கூட்டணியிலும் நின்று வென்றார். வேட்பாளர் அவரே, துணைநின்ற கட்சியே மாறியது. 1984, 1989 தேர்தல்களில் வைஜெயந்திமாலா வென்றபோதும் அ.இ.அ.தி.மு.க. உடனிருந்தது. 1991 முதல் திராவிடக் கட்சியினரே இங்கு வென்றுவருகின்றனர். எனவே அந்நான்கு வெற்றிகளும் காங்கிரசின் தனிச்செல்வாக்கைவிடத் திராவிடக் கட்சிகளின் வாக்கு வலிமையையே புலப்படுத்துகின்றன.