கணக்கு யாருடைய பெயரில்? சிறுதொழில் நடத்துவோர் கிளவுட் சேவை வாங்கும் முன்

சில மாதங்களுக்கு முன் அரிசி ஆலை நடத்தும் ஐயா ஒருவர் என்னிடம் வந்தார். நெல் கொள்வனவுக் கணக்கு, கடைகளுக்குக் கொடுத்த கடன், வங்கிக்கு அனுப்பிய கடிதங்கள் எல்லாமே ஒரு ஜிமெயில் கணக்குக்குள் இருந்தன. அதைத் திறந்து கொடுத்தவர் ஆலையில் வேலைசெய்த இளைஞர். அவர் வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை. சரிபார்ப்புக் குறுஞ்செய்தி போகும் இலக்கம், போகும்போது அவர் கைவிட்ட சிம். இரண்டு நாள் முயன்றும் என்னால் அந்தக் கணக்கைத் திறக்க முடியவில்லை.

"தம்பி, பழைய கொப்பியள் எல்லாம் முள்ளிவாய்க்காலோட போச்சுது. இதாவது போகாது எண்டுதான் கொம்பியூட்டரில வைச்சனான்" என்றார்.

வன்னியில் இந்தப் பேச்சுக்கு விளக்கம் தேவையில்லை. 2008, 2009 இடப்பெயர்வுகளில் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினோம். கடைக் கணக்குகளையும் சங்கப் பதிவேடுகளையும் யாரும் சுமக்கவில்லை. திரும்பி வந்து, இந்த இடத்தில் எனக்கொரு கடை இருந்தது என்று காட்டப் பற்றுச்சீட்டு ஒன்றும் இல்லாமல் நின்றவர்கள் பலர். கட்டடம் போனாலும் கணக்கு மிஞ்சும் என்பதுதான் கிளவுட் சேவை எங்களுக்குத் தரக்கூடிய பெரிய நன்மை. சரியாக வாங்கினால் மட்டுமே அது கிடைக்கும். விலையை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்த பலரைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

எதற்குக் காசு கட்டுகிறோம்?

முன்பு மென்பொருளை ஒரு தடவை வாங்கிக் கணினியில் பதிந்தோம். இப்போது ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று சந்தா கட்டுகிறோம். அதற்கு நான்கு விடயங்கள் கிடைக்கின்றன: நிறுவனப் பெயரில் மின்னஞ்சல், கோப்புகளை வைக்க இடம், ஆவணமும் கணக்குத் தாளும் தயாரிக்கும் மென்பொருள், எல்லாக் கணக்குகளையும் ஆளும் 'நிர்வாகி' என்ற பொறுப்பு. விளம்பரங்கள் முதல் மூன்றையும்தான் பெரிதாகக் காட்டும். எனக்கு நான்காவதுதான் முக்கியம். ஊழியர் ஒருவர் விலகினாலும் கடவுச்சொல்லை மறந்தாலும் நிர்வாகி அந்தக் கணக்கை மீட்டெடுக்கலாம். தனிப்பட்ட இலவச ஜிமெயிலில் அந்த வசதி கிடையாது. ஆலைக்கார ஐயா இழந்ததும் அதைத்தான்.

தனியொருவராகக் கடை நடத்துபவருக்குச் சந்தா அவசியமில்லை. இலவச ஜிமெயிலில் 15 ஜிபி இடம் உண்டு. மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் மூன்றும் அதற்குள் அடங்கவேண்டும். ஆனால் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட தனிப்பட்ட கணக்குகளை அழிக்கலாம் என்று கூகிள் 2023 இல் விதி கொண்டுவந்ததை மறக்க வேண்டாம். இரண்டாவது ஆள் கணக்குகளில் கைவைக்கத் தொடங்கும் நாளில் சந்தாவைப் பற்றி யோசியுங்கள்.

முதன்மையான மூன்று சேவைகள்

கூகிள் வேர்க்ஸ்பேஸ்: ஆரம்பத் திட்டமான பிஸ்னஸ் ஸ்டார்ட்டரில் ஆளுக்கு 30 ஜிபி. அடுத்ததான ஸ்டாண்டர்டில் ஆளுக்கு 2 டெராபைட். 2025 இல் செயற்கை நுண்ணறிவு வசதிகளைச் சேர்த்து விலையைக் கூட்டினார்கள். ஆண்டு ஒப்பந்தத்தில் ஸ்டார்ட்டர் மாதம் 7 டொலர், ஸ்டாண்டர்ட் 14 டொலர் என்றானது. எல்லா வேலையும் உலாவியிலும் கைத்தொலைபேசியிலும் நடக்கும். ஜிமெயில் பழகியவர்களுக்குப் புதிதாகப் படிக்க எதுவுமில்லை.

மைக்ரோசொஃப்ட் 365: பிஸ்னஸ் பேசிக் 2025 இல் மாதம் 6 டொலர், ஸ்டாண்டர்ட் 12.50 டொலர். இரண்டிலும் கோப்புகளுக்கு ஆளுக்கு 1 டெராபைட் உண்டு. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: பேசிக் திட்டத்தில் வேர்ட், எக்செல் உலாவியிலும் கைத்தொலைபேசியிலும் மட்டுமே வேலை செய்யும். கணினியில் பதிந்து பாவிக்க ஸ்டாண்டர்ட் வேண்டும். அதில் ஒருவர் ஐந்து கணினிகள் வரை பதியலாம்.

சோகோ வேர்க்பிளேஸ்: 1996 இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த நிறுவனம், தென்காசிப் பக்கக் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கிறது. தொடக்கத் திட்டம் ஆளுக்கு ஏறத்தாழ 3 டொலர். ஐந்து பேர் வரை சொந்தப் பெயரில் இலவச மின்னஞ்சல் தரும் திட்டமும் உண்டு. ஆளுக்கு 5 ஜிபி. அதை உலாவியிலும் சோகோவின் சொந்தச் செயலியிலும் மட்டுமே பார்க்கலாம்.

இவை அமெரிக்க விலைப்பட்டியல் எண்கள். வாங்கும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள விலையையே நம்புங்கள்.

எத்தனை பேருக்கு வாங்குவது?

பத்துப் பேர் வேலை செய்தால் பத்துச் சந்தா என்று நினைக்க வேண்டாம். சாரதிக்கும் களஞ்சியத்தில் நிற்பவருக்கும் வாட்ஸ்அப் போதும். கணக்கு எழுதுபவர், கேள்விமனு அனுப்புபவர், உரிமையாளர் ஆகிய மூவருக்கே பெரும்பாலும் தேவைப்படும். 'விற்பனை', 'கணக்கு' போன்ற பொது முகவரிகளுக்குத் தனிச் சந்தா வேண்டியதில்லை. கூகிளில் ஒருவருடைய கணக்கிலேயே 30 வரை மாற்று முகவரிகள் சேர்க்கலாம். மைக்ரோசொஃப்ட்டில் 50 ஜிபி வரையான பகிர்வு அஞ்சல்பெட்டிக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. ஒரு சந்தாவை வாங்கி ஐந்து பேர் ஒரே கடவுச்சொல்லைப் பாவிப்பது மட்டும் வேண்டாம். பிழை நடந்த அன்று யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பாமினிக் கோப்புகள்

சென்னையில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்த விடயம் இருக்காது. எங்கள் சங்கங்களினதும் அலுவலகங்களினதும் பழைய கோப்புகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கூகிள் டொக்ஸில் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குவியல்தான் தெரியும். கைத்தொலைபேசியிலும் அப்படியே. பாமினி எழுத்துரு பதிந்த கணினியில் வேர்ட் மென்பொருளில் திறந்தால்தான் வாசிக்கலாம்.

ஆகவே பழைய கோப்புகள் அதிகம் உள்ளவர்கள் உலாவியில் மட்டும் இயங்கும் திட்டத்தை வாங்கி அந்தக் கோப்புகளை வாசிக்க முடியாமல் நிற்கக்கூடாது. கணினியில் பதியும் வேர்ட் வேண்டும், அல்லது இலவசமான லிப்ரே ஒஃபிஸை வைத்துக்கொண்டு கிளவுட்டைச் சேமிப்பிடமாக மட்டும் பாவிக்கலாம். முக்கியமான கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். இனி எழுதுவதை யூனிகோட்டிலேயே எழுதுங்கள்.

மின்சாரம் இல்லாத நாள்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயலின்போது தொலைத்தொடர்பும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டது. இணையம் இல்லாத நாளிலும் வேலை நடக்க வேண்டும். கூகிளில் 'ஓஃப்லைன்' வசதியை முன்கூட்டியே இயக்கிவைக்க வேண்டும். மைக்ரோசொஃப்ட்டில் ஒன்ட்ரைவ் கோப்புகளைக் கணினியிலும் ஒரு பிரதியாக வைக்கும்படி அமைக்க வேண்டும். வாங்கிய அன்றே ரௌட்டரை நிறுத்திவிட்டு ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் சரி.

டொலர்க் கணக்கு

மூன்று பேருக்கு 6 டொலர் திட்டம் என்றால் மாதம் 18 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 5,400 ரூபா. ஆண்டுக்கு 64,800 ரூபா. இதோடு வங்கியின் நாணய மாற்றுக் கட்டணத்தையும், பட்டியலில் வற் வரி சேர்ந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள். வற் 2024 ஜனவரி முதல் 18 வீதம்.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360 ஐத் தொட்டது. இதே 18 டொலர் 3,600 ரூபாவிலிருந்து 6,480 ரூபாவாக உயர்ந்திருக்கும். ஆகவே முதலாண்டில் ஆட்தொகையைக் குறைத்தே தொடங்குங்கள். பொதுவாக ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவில் ஆளைக் கூட்டலாம், குறைக்க முடியாது. வேலையாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும் தொழிலுக்கு, கொஞ்சம் விலை கூடினாலும் மாதாந்தத் திட்டமே நல்லது. புலம்பெயர்ந்த உறவினரின் கடனட்டையில் கட்டுவோரும் உண்டு. அட்டை காலாவதியானதும் சேவை நின்றுவிடும். அவருடைய அட்டையில் கட்டினாலும் கணக்கை அவருடைய பெயரில் திறக்க வேண்டாம்.

உறுதி யாருடைய பெயரில்?

காணியை எவ்வளவு காலம் ஆண்டு அனுபவித்தாலும் உறுதி வேறொருவர் பெயரில் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இங்கே உறுதி என்பது டொமைன், அதாவது உங்கள் இணையப் பெயர். '.எல்கே' முகவரியோ வேறொன்றோ, அது உங்கள் வணிகப் பெயரில், உங்கள் தொலைபேசி இலக்கத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். இணையத்தளம் செய்து தந்தவருடைய பெயரில் இருக்கக்கூடாது. நிர்வாகிக் கணக்கே தொலைந்தாலும், டொமைன் உங்களுடையது என்று நிரூபித்தால் அதை மீட்க வழியுண்டு.

நிர்வாகிகள் இருவர் இருக்கட்டும்: உரிமையாளரும் நம்பிக்கையான இன்னொருவரும். சங்கமென்றால் தலைவரும் பொருளாளரும். நிர்வாகசபை மாறும்போது வங்கிக் கையொப்பத்தை மாற்றுவதுபோல இதையும் மாற்றுங்கள். சரிபார்ப்பு இலக்கம் நிர்வாகியின் சொந்தப் பெயரில் பதிந்த சிம்மாக இருக்கவேண்டும். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுக் காணி உறுதியோடு வையுங்கள். ஊழியர் விலகினால் முதலில் கடவுச்சொல்லை மாற்றி, கோப்புகளை வேறொருவருக்கு மாற்றிய பிறகே கணக்கை அழியுங்கள். அவசரத்தில் அழித்தால், கூகிளில் 20 நாட்களுக்குள்ளும் மைக்ரோசொஃப்ட்டில் 30 நாட்களுக்குள்ளும் மட்டுமே திரும்பப் பெறலாம்.

அரசாங்கத்துக்கே நடந்தது

கிளவுட்டில் இருந்தால் தொலையாது என்று நம்பிச் சும்மா இருந்துவிட முடியாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் மீது கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. பாவித்த மென்பொருள் 2013 ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. இணையத்தோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டது. வெளியே எடுத்துவைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

ஆகவே மாதம் ஒரு தடவை முக்கியக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, கழற்றி, கடையில் அல்லாமல் வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். கழற்றாமல் விட்டால் பயனில்லை. சந்தாவை நிறுத்துவதென்றாலும் முதலில் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். சந்தா முடிந்து சில மாதங்களில் தரவு அழிக்கப்படும்.

மற்றவர்களின் விபரங்கள்

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் பட்டியல், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்ப விபரம், கடன் வாங்கியோரின் அடையாள அட்டைப் பிரதி போன்றவற்றை வைத்திருக்கும் சங்கங்களும் அமைப்புகளும் எங்களிடம் உண்டு. 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற தெரிவில் அந்தக் கோப்பைப் பகிர்ந்தால், வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பு போகும் இடமெல்லாம் அந்த விபரமும் போகும். அவ்வகைக் கோப்பைப் பெயர் குறித்த ஆட்களுக்கு மட்டும் பகிருங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை ஒரு பொறுப்பாக வரையறுத்திருக்கிறது. எங்கள் மண்ணில் ஒரு பெயர்ப்பட்டியல் தவறான கைக்குப் போனால் என்னவாகும் என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாங்கள் அறியவேண்டும் என்றில்லை.

என்னுடைய தெரிவு

பணம் இறுக்கமாக உள்ள, மின்னஞ்சலே பிரதானமான சிறு சங்கத்துக்குச் சோகோவைச் சொல்வேன். எல்லோரும் கைத்தொலைபேசியில் வேலை செய்யும் இளையவர்களின் தொழிலுக்குக் கூகிள் ஸ்டார்ட்டர். எக்செலிலும் பாமினிக் கோப்புகளிலும் வாழும் ஆலைக்கும் ஒப்பந்தகாரருக்கும் மைக்ரோசொஃப்ட் ஸ்டாண்டர்ட். அதுவும் கணக்கெழுதுபவருக்கு மட்டும் ஸ்டாண்டர்ட், மற்றவர்களுக்கு பேசிக். ஒரே நிறுவனத்தில் இரண்டையும் கலந்து வாங்கலாம்.

ஆலைக்கார ஐயாவுக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தேன். டொமைன் அவர் பெயரில், நிர்வாகிகள் அவரும் மகளும். தொலைந்த கணக்குகளில் கொஞ்சத்தைக் கடைக்காரர்களிடமிருந்த பற்றுச்சீட்டுகளைப் பார்த்து மகள் திரும்ப எழுதிவருகிறா. மீட்புக் குறியீடு அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தபோது, எங்கே வைப்பதென்று அவர் கேட்கவில்லை. உறுதிகள் இருந்த பையைத் திறந்து அதற்குள் வைத்தார்.