கே. பி. சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் நாடக மேடையிலும் திரையிலும் பாடி நடித்த கலைஞர். கிராமபோன் இசைத்தட்டுப் பாடகி, காங்கிரஸ் மேடைப் பாடகி, சென்னை சட்ட மேலவை உறுப்பினர் என்ற நிலைகளிலும் அறியப்பட்டவர். ‘கொடுமுடி கோகிலம்’ என்பது ரசிகர்கள் அவருக்கு இட்ட பெயர். ஸ்பெஷல் நாடகங்களில் தொடங்கி வண்ணப்படக் காலம் வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீண்டது அவரது கலைவாழ்வு. நடித்த படங்கள் குறைவு. அவற்றிலும் காதல் நாயகியாக வந்து புகழ் பெற்றவர் அல்லர். நந்தனார், ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் போன்ற அடியார், துறவி, புலவர் வேடங்களே அவரை நிலைநிறுத்தின.

இளமை

அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில், காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். ஊர் இன்று ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. தாயார் பெயர் பாலாம்பாள். ஊர்ப்பெயர், தாயார் பெயர் இரண்டின் முதலெழுத்துகளுமே அவருடைய ‘கே. பி.’ வறுமையான குடும்பம். ரயில் பெட்டிகளில் பாடிக் காசு பெற்ற சிறுமியின் குரல், ஒரு பயணத்தில் எஃப். ஜி. நடேச ஐயரின் காதில் விழுந்தது. ரயில்வே அதிகாரியான நடேச ஐயர் திருச்சி ரசிக ரஞ்சன சபாவைத் தோற்றுவித்தவர். தாமே நாடக நடிகர். அவர் வழியாகச் சுந்தராம்பாள் வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக வந்து பாடியதே முதல் வேடம்.

நாடக மேடை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் இரண்டு வகை நாடகங்கள் நடந்துவந்தன. ஒன்று, சிறுவர்களைப் பல மாதம் பயிற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்ற பாய்ஸ் கம்பெனி நாடகம். மற்றது ஸ்பெஷல் நாடகம். இதில் ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரையும் ஒவ்வோர் ஊரிலிருந்து தனித்தனியே ஒப்பந்தம் செய்து வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் மேடையில் சந்தித்த கணத்திலேயே நாடகத்தை நடத்திவிடுவார்கள். வள்ளிக்கும் வேடனுக்கும் இடையிலான தர்க்கம் போன்ற இடங்களில், எதிராளி எடுத்த சுருதியில் உடனுக்குடன் பதில் பாடியாக வேண்டும்.

ஒலிபெருக்கி வராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர, மேல்கட்டையில் பாடுவதைத் தவிர வழியில்லை. விடிய விடிய அப்படிப் பாடிப் பழகியதால் அமைந்ததே சுந்தராம்பாளின் குரல். உச்சத்துக்குப் போனாலும் எழுத்து சிதையாமல் நிற்கும் உச்சரிப்பு, வசனத்திலிருந்து விருத்தத்துக்கும் விருத்தத்திலிருந்து பாட்டுக்கும் தடங்கலின்றித் தாவும் திறன், ஒரே அடியைப் பலவிதமாக விரித்துக் கைதட்டல் வாங்கும் பழக்கம் ஆகியவை பின்னாளில் அவர் திரையில் பாடிய பாடல்களிலும் தெரியும். தமிழ்நாட்டைப் போலவே இலங்கையிலும் அவருக்குப் பெரும் வரவேற்பு இருந்தது.

கிட்டப்பாவுடன்

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற நாடகப் பாடகர். சிறுவயதிலேயே மேடையேறி, கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ முதலிய நாடகங்களால் பெயர் பெற்றவர். 1926இல் இலங்கை மேடையில் இருவரும் இணைந்தனர். கிட்டப்பாவுக்கு எதிரில் நின்று பாட எவரும் தயங்கிய நாள்கள் அவை, சுந்தராம்பாள் ஈடுகொடுத்தார். ‘வள்ளி திருமணம்’ இந்த இணையால் பெரும்புகழ் பெற்றது.

1927இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பிரிவும் பிணக்கும் நிறைந்த அந்த உறவின் தடயமாக, கணவருக்குச் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் இன்றும் பேசப்படுகின்றன. முப்பது வயதை எட்டாமலே 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலையும் நெற்றி நிறைந்த திருநீறும் உருத்திராக்கமும் அன்றுமுதல் அவரது தோற்றமாயின.

மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவர், சிறிது காலத்தில் திரும்பி வந்தபோது ஒரு முடிவோடு வந்தார்: இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடி சேர்வதில்லை. நாடக உலகில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் காதல் பாட்டுப் பாடுவதே வசூலுக்கு அடிப்படை. அதை விலக்கிவிட்டு ஒரு நடிகை தொழிலில் நிற்பது அரிது. சுந்தராம்பாள் நந்தனார் முதலிய ஆண் வேடங்களை ஏற்று அந்த இடத்தைக் கடந்தார்.

விடுதலை இயக்கம்

காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அக்கட்சியின் பக்கம் வந்தனர். புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாடலைச் சேர்த்துப் பாடுவது அன்றைய நடிகர்களின் உத்தி. காந்தி, பகத்சிங் போன்றோரைப் பற்றிய பாடல்கள் மேடையிலும் இசைத்தட்டிலும் பரவின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அரசியலைக் கொண்டுசேர்க்க அவை உதவின. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சுந்தராம்பாள் கட்சிக்காகப் பாடிப் பரப்புரை செய்தார். சத்தியமூர்த்தி பேசும் கூட்டத்தில் சுந்தராம்பாளின் பாட்டு இருந்தால் கூட்டம் பெருகும் என்பது அக்கால நம்பிக்கை.

காந்தி சுந்தராம்பாளின் கொடுமுடி வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறியதாகவும், உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி வேடிக்கையாகக் கேட்டுத் தட்டையும் பொது நிதிக்குப் பெற்றுக்கொண்டதாகவும் ஒரு செய்தி வழங்கிவருகிறது.

1951இல் சுந்தராம்பாள் காங்கிரஸ் சார்பில் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞர்களில் சட்டமன்ற அவையொன்றில் இடம்பெற்ற முதல் ஆளாக அவர் குறிப்பிடப்படுகிறார்.

திரைப்படங்கள்

முதல் படம் ‘பக்த நந்தனார்’ (1935). மாணிக் லால் டாண்டன் இயக்கிய இப்படத்தில் நந்தனாராக நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. இந்திய நடிகர் எவரும் அதுவரை கேள்விப்படாத தொகை அது. படத்தின் மொத்தச் செலவில் கணிசமான பகுதியை அதுவே விழுங்கியது. கர்நாடக இசைக்கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். இவ்வளவு பேரும் பெயரும் இருந்தும் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆனந்த விகடனில் விமர்சனம் எழுதிய கல்கி, படத்தில் மரங்களும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகக் கேலி செய்தார். அடுத்து 1940இல் ‘மணிமேகலை’ வெளிவந்தது.

பெரும் வெற்றி ‘ஔவையார்’ (1953) படத்தில் கிடைத்தது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எஸ். எஸ். வாசன் பெரும் பொருட்செலவில் தயாரித்தார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். இளம்பெண் ஔவையாகக் குசலகுமாரி நடித்தார். முதுமையை வரமாகக் கேட்டுப் பெறும் ஔவை, அதன்பின் சுந்தராம்பாளாக மாறி நாடெங்கும் நடக்கிறாள். கதாநாயகன் இல்லாமல், ஒரு கிழவியின் பாட்டையும் நடையையும் நம்பி எடுத்த படம் இவ்வளவு பெரிய வெற்றி பெற்றது தமிழ்த் திரையில் அபூர்வம்.

பதினோராண்டு இடைவெளிக்குப் பிறகு, மு. கருணாநிதி வசனம் எழுதி, ப. நீலகண்டன் இயக்கிய ‘பூம்புகார்’ (1964) படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடித்தார். காங்கிரஸ்காரரும் முருக பக்தருமான அவர், திராவிட இயக்கத் தலைவரின் சிலப்பதிகாரப் படத்தில் இடம்பெற்றது அன்று கவனம் பெற்றது. அதன்பின் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967) படங்களில் மீண்டும் ஔவையாக வந்தார். ‘மகாகவி காளிதாஸ்’ (1966), சாண்டோ சின்னப்பா தேவரின் ‘துணைவன்’ (1969) ஆகியவை பிற படங்கள். ‘காரைக்கால் அம்மையார்’ (1973) படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமியும், பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையாராகச் சுந்தராம்பாளும் நடித்தனர். ‘ஔவையார்’ படத்தின் அமைப்பே இங்கும் திரும்பியது: அழகைத் துறந்த பின் வரும் பெண்ணே அவருக்குரிய வேடம்.

விருதுகள்

தமிழ் இசைச் சங்கம் 1966இல் இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கியது. ‘துணைவன்’ படப் பாடல்களுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அவ்விருது தொடங்கிய முதல் ஆண்டில் பி. சுசீலா பெற்றிருந்தார், அடுத்தவர் சுந்தராம்பாள். பிறர் வாயசைப்புக்குப் பாடிப் பிழைத்தவர் அல்லர் என்பதால், அவருக்கு இவ்விருது கிடைத்தது தனிச்சிறப்பு. 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது.

மதிப்பீடு

1930களில் பேசும் படத்துக்கு வந்த நாடகப் பாடகர்கள் பலர், பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதும் வாய்ப்பிழந்தனர். நடிப்புக்கு ஒருவர், குரலுக்கு ஒருவர் என்று தொழில் பிரிந்தபோதும் சுந்தராம்பாளுக்கு மட்டும் அந்தப் பிரிவு பொருந்தவில்லை. கதையை நிறுத்தி அவரைப் பாடவிட இயக்குநர்கள் காட்சி அமைத்தனர். மென்குரல்கள் கோலோச்சிய 1960களிலும் அவருக்கென்று ஸ்பெஷல் நாடக மரபுப் பாடல்களே உருவாயின. திரையிசையில் அந்த மரபு கடைசியாக ஒலித்த இடங்களில் இவர் குரல் முதன்மையானது.

அவர் ஏற்ற வேடங்கள் மக்கள் மனத்தில் படிந்த விதமும் குறிப்பிடத்தக்கது. சங்க காலத்திலும் பிற்காலத்திலும் வாழ்ந்த ஔவையார்கள் பலர் என்பது ஆய்வாளர் முடிவு. பாமரர் நினைவில் அவர்கள் அனைவரும் ஒருவரே. நாட்காட்டிப் படத்திலும் பள்ளி மாறுவேடப் போட்டியிலும் அந்த ஒருவர் வெள்ளைச் சேலையும் திருநீறும் கைத்தடியுமாக வருகிறார். கைம்பெண் கோலத்தை ஊரார் அமங்கலம் என்று ஒதுக்கிய காலத்தில், அதே கோலத்தோடு மேடை நடுவில் நின்ற ஒரு நடிகையின் தோற்றத்தைத் தமிழர்கள் தங்கள் மூத்த புலவரின் தோற்றமாக ஏற்றுக்கொண்டார்கள்.