முதுசத்தின் முதுமை

புலம்பெயர்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் தங்கள் வம்சாவளியைத் தேடித் தொகுத்து அச்சிடும் மலர்கள் இப்போது அடிக்கடி கைக்கு வருகின்றன. பாட்டன் பூட்டன் பெயரையாவது பேரப்பிள்ளைகள் அறியட்டும் என்று செய்யும் நல்ல வேலை அது. ஆனால் அவற்றின் முன்னுரைகளில் ஒரு சொற்பிரிப்பு தொற்றுநோய்போலப் பரவிவருகிறது. முதுசம் என்றால் முது + அம்சம், அதாவது முதியோரிடமிருந்து வரும் பங்கு என்கிறார்கள். மேடைகளிலும் இதையே சொல்கிறார்கள். இலக்கணம் படித்தவர்கள் முன்வரிசையில் இருந்து தலையாட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முது என்னும் அடை உயிரின் முன் நின்றால் முதலெழுத்து நீளும். மூதூர், மூதுரை, மூதில், மூதறிஞர் எல்லாம் அப்படி வந்தவை. மெய் முன்னால் அது குறிலாகவே நிற்கும்: முதுகுடி, முதுமகள், முதுமொழி, முதுகுன்றம். அம்சம் வந்து சேர்ந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கவேண்டியது மூதம்சம். அப்படி யாரும் சொன்னதில்லை, எழுதியதில்லை. அந்தப் பிரிப்பை இத்தோடு விடலாம்.

முதுசம் என்பது முதுசொம் என்பதன் தேய்வு. பழைய நீதிமன்றத் தீர்ப்புகளில் ஆங்கில எழுத்தில் இந்தச் சொல் ஓரிடத்தில் முதுசம் என்றும் வேறோரிடத்தில் முதுசொம் என்றும் மாறிமாறி வருகிறது. ஊரில் முதிசம் என்பாரும் உண்டு. அழுத்தம் முதலசையில் விழுவதால் ஈற்றிலிருந்த ஒகரம் அகரமாகத் தளர்ந்தது. சொம் என்றால் சொத்து, உடைமை. தெலுங்கில் சொம்மு இன்றும் பணத்துக்கும் நகைக்கும் பொருளுக்கும் வழங்குகிறது.

இந்தச் சொம் எங்கிருந்து வந்தது? தனித்தமிழன்பர் சிலர் இதற்கும் ஒரு தமிழ் வேர் தேடுகிறார்கள். அவர்களுடைய பற்றை மதிக்கிறேன், வேரை ஏற்கவில்லை. வடமொழி ஸ்வ தமிழில் சொ ஆவது வழமையான மாற்றம். ஸ்வப்னம் சொப்பனம், ஸ்வர்க்கம் சொர்க்கம், ஸ்வரூபம் சொரூபம், ஸ்வத்வம் சொத்து. ஸ்வம் சொம் ஆனதும் அதே வழியில்தான். தலை தமிழாகவும் வால் வடமொழியாகவும் இருப்பது இந்தச் சொல்லுக்கு இழுக்கல்ல. வாரிசு அரபு, தோம்பு போர்த்துக்கேயம், நொத்தாரிசு ஒல்லாந்தம். காணியைப் பற்றிப் பேச வந்த தமிழன் எவரெவரோடு வழக்காடினானோ அவர்கள் எல்லோரிடமிருந்தும் சொல் வாங்கியிருக்கிறான்.

தாயம் என்ற சொல்லையும் இந்த இடத்தில் தொட்டுவிடுகிறேன். அது தாயிலிருந்து வந்தது, எனவே பழந்தமிழர் தாய்வழிச் சொத்துரிமை கொண்டவர் என்று ஒரு வாதம் நெடுங்காலமாக ஓடுகிறது. கரிகாலன் தாயின் வயிற்றிலேயே தாயம் எய்தியவன் என்று பொருநராற்றுப்படை சொல்வதைச் சான்றாக நீட்டுவார்கள். அங்கே பேசப்படுவது தந்தையின் அரசு. வயிறு மட்டுமே தாயுடையது. பங்கைக் குறிக்கும் வடசொல் தாய என்பதும், பங்காளியைக் குறிக்கும் தாயாத என்பதும் நம்முடைய தாயம், தாயாதி இரண்டோடும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன. சீதனத்தைச் சீர்தனம் என்று திருத்துவாருக்கும் இதே பதில்: அது ஸ்த்ரீதனம்.

இனி முது. இங்கேதான் எனக்கும் அகராதி வழிச் செல்வோருக்கும் வழக்கு. அவர்கள் முதுசொம் என்பதைப் பண்புத்தொகையாக்கி, முதிய சொம், பழைய சொத்து என்கிறார்கள். முதுகுன்றத்தில் அப்படிக் கொள்ளலாம். அங்கே பழையது குன்றுதான். அதனாலேயே அது விருத்தாசலம் என்று பெயர்க்கப்பட்டது. ஆனால் முதுமொழி? மொழி பழையது என்பதைவிட மூத்தோருடைய மொழி என்பதே அதன் உயிர். முதுசொம் இரண்டாவது வகை. முதுவரது சொம். ஆறாம் வேற்றுமைத் தொகை.

இதைச் சொல்லைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது. பொருளைப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் 37 ஆண்டுகள் இருந்த ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, 1707 ஜனவரியில் அந்த மண்ணின் வழக்குச் சட்டமான தேசவழமையைத் தொகுத்துக் கொடுத்தார். ஜான் பீரூஸ் அதைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரி என்றார்கள். இந்தச் சொல்லே ஒல்லாந்தர் ஆக்கியது என்று பேசுவோர் இதைக் கவனிக்கவேண்டும். ஐசாக்ஸ் எழுதியது ஊரில் வழங்கியதை.

அந்த வழமை சொத்தை மூன்றாக வகுக்கிறது. கணவன் கொண்டுவருவது முதுசம், மனைவி கொண்டுவருவது சீதனம், மணவாழ்வில் இருவரும் ஈட்டுவது தேடியதேட்டம். முதுசம் ஆண்மக்களுக்கு, சீதனம் பெண்மக்களுக்கு என்பது பழைய ஒழுங்கு. போர்த்துக்கேயர் காலத்திலேயே மூன்றிலிருந்தும் கலந்து சீதனம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது. பிரித்தானியர் 1806இல் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தனர். பிறகு வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் முதுசத்துக்கு வரைவிலக்கணமே கொடுத்தது: பெற்றோரோ அவர்களுக்கு மேற்பட்ட முன்னோரோ இறக்கும்போது ஒருவருக்கு இறங்கும் ஆதனம் முதுசம். வேறு உறவினர் இறந்து வருவது உரிமை. ஆகப் பொதுவான உரிமை என்ற சொல், இந்தச் சட்டத்தில் மட்டும் மாமன், சிற்றப்பன், உடன்பிறந்தார் வழி வரும் சொத்துக்குச் சுருங்கிவிட்டது. பக்கவாட்டில் வருவது உரிமை, மேலிருந்து இறங்குவது முதுசம். காணி எத்தனை காலம் பழையது என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை. யார் கையிலிருந்து இறங்கியது என்பதே கேள்வி.

இதற்கு மலாயாவைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தையொட்டி, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் கிராணி வேலைக்கும் நில அளவை வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் அங்கே கப்பலேறினார்கள். சம்பளம் மணியோடராக ஊருக்கு வந்தது. அண்ணனோ மாமனோ பார்த்துக் காணி வாங்கிப்போட்டார்கள். அந்தக் காணி வாங்கியவருக்குத் தேடியதேட்டம். அவர் பென்சன் எடுத்து ஊர் வந்து கண்மூடிய பிறகு மகனுக்கு அதுவே முதுசம். மகன் அதைத் தன் மகளுக்கு எழுதிக் கொடுத்தால் சீதனம். அவள் காலத்துக்குப் பின் அவள் பிள்ளைகளுக்கு மீண்டும் முதுசம். வேலி மாறவில்லை, கிணறு மாறவில்லை, மண் அதே மண். அறுபது எழுபது ஆண்டுக்குள் அந்த மண் பெயரை மாற்றிக்கொண்டேயிருந்தது. பழைய சொத்து என்று பொருள் கொள்வோர், கிராணி வாங்கி இருபதாண்டும் ஆகாத காணியை அவர் மகன் முதுசம் என்று எழுதியது எப்படி என்று விளக்கட்டும்.

வம்சாவளி தேடுவோர் கோயில் பதிவுகளையும் கல்லறைகளையும் படம் பிடிக்கிறார்கள். அலுமாரியில் கிடக்கும் உறுதிக்கட்டைப் பிரிப்பதில்லை. ஓர் உறுதியை எடுத்து மெல்ல வாசியுங்கள். முதலில் காணியின் பெயர் வரும்: ஏதோ ஒரு வளவு, ஒரு புலம், ஒரு கலட்டி. அடுத்துப் பரப்பும் குழியும். பிறகு நான்கெல்லை: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரும் பங்காளரும், மேற்கே பெரியதாயின் பிள்ளைகள். பிறகு இதற்குள் அடங்கிய வீடு, கிணற்றுப் பங்கு, வான்பயிர், செய்பயிர். பனை போன்றவை வான்பயிர்; நட்டுப் பயிரிட்டது செய்பயிர். கடைசியில் இந்த ஆதனம் எழுதிக் கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்ற வரி: தகப்பனார் பெயரில் இன்ன இலக்க உறுதி, அவர் இறந்தபின் முதுசவழி. அந்த ஒற்றை வரியைப் பிடித்து ஏறினால் மூன்று தலைமுறை கையில் வந்துவிடும். எல்லைகளில் நிற்கும் பெயர்களோ பெரும்பாலும் சகோதரரும் பங்காளரும்தான். ஒரே வளவு பிரிந்து பிரிந்து எல்லையானது. ஒல்லாந்தர் ஆட்களைத் தலைத்தோம்பிலும் நிலத்தைக் காணித்தோம்பிலும் வேறுவேறாகப் பதிந்தார்கள். நம் நொத்தாரிசுமார் அறியாமலே இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

தேசவழமையில் இன்னொரு விதி உண்டு. பங்குள்ள காணியை விற்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், காணியை ஈடாக வைத்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டியிருந்தது. பழைய வழக்கப்படி அதே ஊரிலிருப்போருக்கு ஒரு மாதத் தவணை, அதே மாகாணத்தில் வேற்றூரில் இருப்போருக்கு இரண்டு மாதம், வேறு மாகாணத்தாருக்கு மூன்று மாதம். கடல் கடந்திருப்போருக்கு ஓராண்டு. 1707க்கு முன்னேயே கடல் கடந்து போன பங்காளரை எண்ணித் தவணை வைத்த ஊர் அது. 1983க்குப் பின் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு அற்றோணித் தத்துவம் அனுப்புகிறவர்கள், புலம்பெயர்வு தங்கள் தலைமுறையில் தொடங்கியதாக எழுதும்போது இந்த ஓராண்டை நினைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சொல் எந்த நூற்றாண்டில், யார் வாயில் பிறந்தது? முதுசொம் வயலில் பிறந்த சொல்லல்ல என்பது என் துணிபு. வயலில் பிறந்தது தேட்டம். ஓடு ஓட்டம் ஆனதுபோலத் தேடு தேட்டம் ஆயிற்று. அதற்கு எந்த மொழியின் துணையும் வேண்டியிருக்கவில்லை. முதுசொம், தமிழும் வடமொழியும் ஒருங்கே பழகிய கணக்கரின் ஓலையில், பங்கு பிரிக்கும் நாளில், இது உன்னுடையதல்ல, உனக்கு மூத்தோருடையது என்று எழுதவேண்டி வந்தபோது கூட்டிச் செய்த சொல். ஒல்லாந்தர் வந்தபோது அது ஏற்கெனவே வாயில் தேய்ந்து முதுசமாகியிருக்கவேண்டும். ஒரு சொல் அந்த அளவுக்குத் தேயப் பல தலைமுறை வேண்டும்.